நானூற்றுப் பன்னிரண்டு கடிகள்

பெட்டியைத் திறந்தது சவரிராயன்தான். விசாரணைக்கு வேலையே வைக்கவில்லை. அவனே ஒலிபெருக்கியைப் பிடித்து ஊருக்குச் சொல்லிவிட்டான்.

“எல்லாருக்கும் வணக்கம். மருந்தறையிலேருந்து சவரி பேசுதேன். பூமியிலேருந்து வந்த ஐந்நூறு கொசுவும் கைதவறி வெளிய போயிட்டு. யாரும் பயப்படாண்டாம். நாம அதுகளப் பாத்ததில்ல, அதுகளும் நம்மளப் பாத்ததில்ல. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்யும்.”

வெண்மேடு, நிலவின் தென்முனையில் நிரந்தர நிழல் விழுந்த ஒரு பள்ளத்தில், பனிக்கட்டி வெட்டுவதற்காக எழுந்த ஊர். அறுபது ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிக் கரையிலிருந்து வேலைக்குப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், ஆக மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முழுக்க மூடிய ஊர். காற்றை வடிகட்டுவார்கள், தண்ணீரை வடிகட்டுவார்கள். வாயிலிருந்து வரும் பேச்சு மட்டும்தான் அப்படியே வரும். அங்கே கொசு என்பது பாடப்புத்தகத்தில் யானைக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்திருந்ததால் பாதி ஊருக்குக் கொசுவின் மேல் தேவைக்கு அதிகமான மரியாதை உண்டு.

அவன் பெட்டியைத் திறந்ததற்குக் காரணம் முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். அவனே அப்படித்தான் சொல்லிக்கொண்டான். ஆனால் உண்மையான காரணம் வளர்ப்பு. வெண்மேட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் எழுத்து அல்ல. மூடிய இடத்துக்குள் உயிர் இருக்கிறதா? பச்சை விளக்கு அணைந்துவிட்டதா? திற. யோசிக்காதே, யாரையும் கேட்காதே, திற. உள்ளே காற்று நின்றுவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது உயிரைக் காப்பாற்றிய பாடம் அது.

குலசேகரப்பட்டினத்திலிருந்து வந்த பெட்டியிலும் ஒரு பச்சை விளக்கு இருந்தது. பூமிக்காரர்கள் அதைச் சும்மா பேட்டரிக்காக வைத்திருந்தார்கள். சவரிராயன் பெட்டியை மேசையில் வைத்தான், விளக்கு அணைந்தது, கை திறந்தது. மூளை வந்து சேர்ந்தபோது பெட்டி காலி.

அடுத்து நடந்ததை அவன் ஆயுள் முழுக்க மறக்கப்போவதில்லை. பூமியின் எடைக்குப் பழகிய சிறகுகள். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. ஒவ்வொரு கொசுவும் ஒருமுறை சிறகடித்ததும் குண்டு போல மேலே பாய்ந்து கூரையில் தலையை மோதிக்கொண்டது. ஐந்நூறும் ‘டிக் டிக் டிக்’ என்று கூரையில் மழை மாதிரி பெய்தன. மழையை அவன் கேட்டதில்லை; ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

டாக்டர் கதீஜா பீவி ஓடிவந்தார். அண்ணாந்து பார்த்தார். பிறகு சவரியைப் பார்த்தார்.

“என்ன சவரி இது?”

“தடுப்பூசி, டாக்டரம்மா. பறக்குது.”

“அது எனக்குத் தெரியாதா? ஏன் பறக்குது?”

“பச்சை அணைஞ்சிட்டு.”

டாக்டரும் வெண்மேட்டில் பிறந்தவர். அவர் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும்.

இந்தக் கொசுக்கள் சாதாரணக் கொசுக்கள் இல்லை. வெண்மேட்டில் பிறந்தவர்களுக்குப் பூமி ஒரு நோய்க்காடு. அதிலும் வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை, கேட்கவே வேண்டாம்: டெங்கு, மலேரியா, டைபாய்டு, மூளைக்காய்ச்சல், போதாததற்கு ஐம்பது வகை ஜலதோஷம். பழைய முறையில் இருபத்துமூன்று ஊசி போட வேண்டும். நிலவில் வளர்ந்த மெல்லிய இதயம் அதைத் தாங்கவில்லை. முயன்ற இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அதன்பிறகு யாரும் கை நீட்டவில்லை. குலசேகரப்பட்டினத்துக்காரர்கள்தான் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கொசுவின் எச்சிலில் எல்லா மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வளர்ப்பது. ஒரு கொசு ஒரே ஒரு முறைதான் கடிக்கும், கடித்ததும் செத்துவிடும். நாலு நாளில் நானூறு கடி. துளித் துளியாக உடம்பு பழகிக்கொள்ளும்.

அந்த முதல் பெட்டி சவரிராயன் பெயரில் வந்திருந்தது. அவன்தான் பரிசோதனைக்குச் சம்மதித்த முதல் ஆள். ஆறாம் நாள் பூமிக்குக் கப்பல். இரண்டு வருடமாக இடுப்பிலும் காலிலும் எடை கட்டிக்கொண்டு நடந்து, பூமியில் நிற்பதற்கு எலும்பைத் தயார் செய்திருந்தான். அறுபத்துநாலு பக்கப் பயணக் கையேட்டை மனப்பாடம் செய்திருந்தான். ‘திறந்தவெளியில் விற்கும் பண்டங்களைத் தவிர்க்கவும்’ என்று இருந்த இடத்தில், ‘வெளியைத் திறந்தேவா வைத்திருப்பார்கள்?’ என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தான். ‘ஐஸ் போட்ட பானங்கள் ஆபத்து’ என்ற வரியைப் படித்துவிட்டு, மூன்று தலைமுறையாகப் பனிக்கட்டி வெட்டும் ஊர்க்காரன் என்ற முறையில் அவமானப்பட்டான்.

இவ்வளவும் எமல்டாவுக்காக.

எமல்டா அவன் மனைவி. ஆறு வயதில் பெற்றோருடன் பூமியிலிருந்து வந்தவள்; அதனால் ஊசி எதுவும் இல்லாமல் திரும்பிப் போக முடிந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் சுத்திகரிப்பு படிக்க இரண்டு வருடத்துக்கு என்று போனாள். அவள் போன எட்டாம் மாதம், பூமிக்குப் போய்த் திரும்பிய ஒருவர் ஒரு சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஆவி பிடித்தால் போய்விடும் ஜலதோஷம். வெண்மேட்டில் பதினொரு பேரைக் கொண்டுபோனது. அன்று சட்டம் வந்தது: போனவர் போனவர்தான். திரும்பி வர வழியில்லை. எமல்டாவோடு சேர்த்து இதுவரை முப்பத்தேழு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். எமல்டா அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில்தான் குடும்பம். பேசினால் பதில் வர மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடி வெறுமை சவரிக்குத் தாங்காது. ஒரு ஜோக்கைப் போட்டு நிரப்பிவிடுவான். கணக்குப் பார்த்தால் அவர்கள் தாம்பத்தியத்தில் பாதி இவன் ஜோக்குதான்.

இப்போது அந்த நானூறு கடியும் ஊருக்குள் பறந்துகொண்டிருந்தது. அடுத்த பெட்டியை வளர்த்து அனுப்ப இரண்டு வருடம் ஆகும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நிலவில் பிறந்தவர் உடம்பு பூமியின் எடையைத் தாங்காது என்பது விதி. சவரிக்கு நாற்பத்துநாலு முடிந்து பத்து மாதம்.

முதல் நாள் ஊரே தலைகீழானது. சமையற்கூடத்தில் முதல் கடி வாங்கியவர் சமையல்காரர் பால்பாண்டி. “எம்மா!” என்று அவர் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது, வெண்மேட்டில் துள்ளுவதற்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் பத்து நிமிடத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

“இங்க பாருங்களேன்,” என்று கையை நீட்டினார். சின்னதாக ஒரு தடிப்பு. “இத இப்படிச் சொறியணும் போல இருக்கு. சொறிஞ்சா ஒரு சொகம் வருது பாருங்க... சொல்லத் தெரியல.”

அரிப்பு என்ற அனுபவம் வெண்மேட்டுக்கு அன்றுதான் வந்தது. ஒரு மணிநேரத்தில் அவரைச் சுற்றி இருபது பேர். தடிப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று கிடைக்காதா என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடைபாதையில் உலாவினார்கள். கடிபட்டவர்கள் பட்டம் வாங்கினவர்கள் மாதிரி நடந்தார்கள்.

ஊர் நிர்வாகி திரவியம் மட்டும் சிரிக்கவில்லை. மருந்தறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“என்னவே சவரி, ஊருக்கே வேடிக்கை காட்டிட்டேரு.”

“கட்டணம் கூட வாங்கல அண்ணாச்சி.”

“சிரிக்காதயும். இதுவரைக்கும் நாப்பது பேரக் கடிச்சிருக்கு. ஒருத்தரயும் கேக்கல. சம்மதம் இல்லாம ஒருத்தர் உடம்புல மருந்து ஏத்தறது எந்த ஊரு நியாயம்?”

சவரியின் வாயில் தயாராக இருந்த ஜோக் வற்றிப்போனது. “தப்புதான் அண்ணாச்சி,” என்றான்.

“அடிச்சுக் கொல்லச் சொல்லப்போறேன்.”

அப்போதுதான் நுண்ணோக்கியிலிருந்து டாக்டர் கதீஜா நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

“கொல்லாதீங்கண்ணே. பால்பாண்டி ரத்தத்தப் பாத்தேன். ஒரே ஒரு கடி. அதுக்கே உடம்பு ஜலதோஷத்த அடையாளம் கண்டு சண்டைக்கு நிக்குது.”

“அப்படின்னா அவரு பூமிக்குப் போலாமா?” என்றான் சவரி.

“போக முடியாது. ஒரு கடிங்கிறது வெறும் கையுறை. நானூறு கடிதான் முழு விண்ணுடை. கையுறைய மட்டும் போட்டுக்கிட்டு வெளிய நடக்க முடியுமா? ஆனா...” டாக்டர் நிறுத்தினார். “வெளியிலேருந்து வர்றவரோட கை குலுக்கலாம்.”

சவரிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. திரவியத்துக்கு அரை நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது.

“ஊரு பூரா ஆளுக்கொரு கடி வாங்கிட்டா,” என்றார் டாக்டர், “அந்தப் பக்கம் இருக்கிறவங்க திரும்பி வரலாம். முப்பத்தேழு பேரும். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். ஒரு ஆளு பாக்கி இருந்தாலும் அந்த ஆளுக்கு ஆபத்து, கதவு திறக்காது.”

“கொசு எத்தன பாக்கி?”

“குத்துமதிப்பா நானூத்திப் பத்து. கொஞ்சம் காத்து வடிகட்டியில சிக்கிச் செத்துட்டு. மத்ததெல்லாம் ஈரத்தத் தேடிக் கீரைக்கூடத்துல போய் உக்காந்திருக்கு.” அவர் சவரியின் தோளைத் தொட்டார். “பெட்டி உன் பேருல வந்தது. நீ கீரைக்கூடத்துல கதவப் பூட்டிக்கிட்டு நாலு நாள் உக்காந்தா உனக்கு நானூறு கடி கிடைச்சிரும். ஆறாம் நாள் நீ கப்பல்ல இருப்ப. இல்ல, ஊருக்கு விட்டுக்குடுத்தா அவங்களுக்குச் சரியா இருக்கும், உனக்கு மிஞ்சாது. ரெண்டுல ஒண்ணுதான். நான் எதுவும் சொல்லமாட்டேன்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் சவரி எமல்டாவை அழைத்தான். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது; அதன் வழியாக ஒரு முருங்கைக் கிளை ஆடியது. ஒவ்வொரு முறையும் அவன் கண் முதலில் அந்தக் கிளைக்குத்தான் போகும். அது யாரும் ஆட்டாமல் ஆடியது.

“ஏட்டி, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு,” என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தான்.

மூன்று விநாடி. பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐந்நூறுமா? ஐயோ! இங்க ஒரு கொசு காதுகிட்ட வந்தாலே எனக்குத் தூக்கம் போயிரும். நீங்க ஊரையே விருந்தா வச்சிட்டிய.”

“எமல்டா, கேளு. கதவு அந்தப் பக்கமிருந்து திறந்துச்சுன்னா, நீ வருவியா?”

மூன்று விநாடி ஆனது. ஆறும் ஆனது. கருவி கெட்டுப்போனதோ என்று திரையைத் தட்டினான்.

“மொதல்ல நீங்க உங்க ஊசியப் போட்டுக்கிடுங்க,” என்றாள். “மத்ததப் பொறவு பாப்போம்.”

“அது பதில் இல்லியே.”

“பிள்ளைங்க வகுப்புக்கு வந்துட்டாங்க. நான் அப்புறம் பேசுதேன்.”

திரை அணைந்தது. ‘பாப்போம்.’ ஒன்பது வருடமாக அவளிடம் அவன் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அதே பதில். அதைக் கேட்டபின் அவன் ஒரு ஜோக் சொல்வான். இந்த முறை சொல்ல எதிரில் ஆளில்லை.

மறுநாள் காலை அவன் கீரைக்கூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அவனுக்கு அவளைப் பார்க்க வேண்டும். தொட வேண்டும். மூன்று விநாடி இல்லாமல் ஒரு பதில் கேட்க வேண்டும். அரைக்கீரைத் தட்டுகளுக்கு நடுவே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். உடம்பைப் பார்த்தால் கொசுவே யோசிக்கும் என்று பயந்தான். ஆனால் அதுகளுக்கு ரசனை குறைவு. ஐந்து நிமிடத்தில் மூன்று கடி. இடது தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று. ஒவ்வொன்றும் பூமிக்கு ஒரு படி. அரிப்பில் கண்ணீர் வந்தது. சந்தோஷத்திலா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

கதவின் கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். யாரும் தட்டவில்லை. யாரும் கேட்கவில்லை. டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. முன்னால் பொன்னுத்தாய் நின்றாள், பனி வெட்டும் பிரிவில் வேலை. இடுப்பில் மகள். அந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோது, இதயத்தில் அடைப்பு வந்த கணவனை உயிர் பிழைக்க வைக்கப் பூமிக்கு அனுப்பினார்கள். அங்கே பிறந்து இங்கே வேலைக்கு வந்தவன். பிழைத்துவிட்டான். மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அப்பா என்பது அவளுக்கு ஒரு திரை.

சவரி கண்ணாடி வழியாக மூக்கு நுனித் தடிப்பைக் காட்டிக் கண்ணை உருட்டினான். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. பொன்னுத்தாயும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே,” என்று வாயசைத்தாள். அவன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. ஒரு ஆள் திட்டியிருந்தால் போதும், அவன் சௌகரியமாக உள்ளேயே இருந்திருப்பான்.

நாலாவது கொசு அவன் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. அவன் அதை ஊதிவிட்டான்.

“போடி. வேற கை இருக்கு,” என்றான்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தான். இந்த முறை எந்த விளக்கும் அணையவில்லை. மூளை முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் கை போனது.

அடுத்த மூன்று நாள் வெண்மேட்டில் திருவிழா. கீரைக்கூடத்து வாசலில் வரிசை. விரும்பினவர் மட்டும் வரலாம், விரும்பாதவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று சவரியே அட்டையில் எழுதி ஒட்டினான். ஆனாலும் முதல் நாளிலேயே இருநூறு பேர் வந்துவிட்டார்கள். உள்ளே போகிறவர்களுக்குப் பால்பாண்டி யோசனை சொன்னார்: “அசையாண்டாம். வேர்க்க விடுங்க. அதுக்கு வேர்வை பிடிக்கும்.” அதனால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் குதித்துக் குதித்து வேர்வை வரவழைத்தார்கள். நிலவில் நூறு பேர் சேர்ந்து குதித்தால் எப்படி இருக்கும்! ஆளுக்கு ஆறடி உயரம் போய் ஆடி அசைந்து இறங்கினார்கள். பார்க்கக் கண் போதவில்லை.

கொசு கடித்ததும் அந்த உயிர் உதிர்ந்து விழும். பொன்னுத்தாயின் மகள் தன் கையிலிருந்து உதிர்ந்த கொசுவைப் பார்த்து, “தூங்கிட்டா?” என்று கேட்டாள். சவரி கொஞ்சம் யோசித்து, “வேலை முடிஞ்சிட்டும்மா,” என்றான். அவள் அதைக் கீரை இலையில் படுக்கவைத்தாள். அதன்பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். யாரும் செய்யச் சொல்லவில்லை.

நாலாம் நாள் பட்டியலில் நானூற்றுப் பதினொரு பெயருக்கு நேரே கோடு விழுந்திருந்தது. ஒரு பெயர் பாக்கி.

திரவியம் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். சவரி வாசலிலேயே நின்றான்.

“உள்ள வாரும்,” என்றார் அவர். “என்னைச் சம்மதிக்க வைக்க வந்திருக்கேரு.”

“அட்டையில நான்தான எழுதினேன், யாரையும் கேக்கக் கூடாதுன்னு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கொசு எத்தன மிச்சம்?”

“பன்னெண்டு. வயசான கொசு. கண்ணு தெரியுதோ என்னமோ.”

திரவியம் சிரிக்கவில்லை. மேசையில் ஒரு சிறுவனின் படம் இருந்தது. செல்வின். அவர் மகன். இறந்த பதினொரு பேரில் ஒன்பது வயதுக்காரன் அவன் ஒருவன்தான்.

“அந்த ஜலதோஷத்தக் கொண்டுவந்தது யாருன்னு ஊருக்கே தெரியும்,” என்றார். “எட்டு வருஷமா ஒருத்தரும் என் மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. நான் அங்க பொறந்தவந்தான, ஒப்பந்தம் பேசப் போனேன். பத்து நாள். வரும்போது ரெண்டு தும்மல். வந்ததும் பயலத் தூக்கி முத்தம் குடுத்தேன். அவ்வளவுதாம்வே நான் செஞ்சது.”

ஜோக் எதுவும் இல்லாத சவரியின் வாய் ஓர் அந்நிய ஊர் மாதிரி இருந்தது.

“அதான் கதவப் பூட்டினேன்,” என்றார் திரவியம். “இப்ப நீரு திறக்கச் சொல்லுதேரு.”

“நான் சொல்லல அண்ணாச்சி. அன்னைக்கு ஒரு கடி...” சவரி பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லக் கூடாத வாக்கியம்.

அதைத் திரவியமே முடித்தார். “அன்னைக்குச் செல்வினுக்கு ஒரு கடி இருந்திருந்தா, இன்னைக்கு அவனுக்குப் பதினேழு வயசு.”

செல்வின் படத்தை நேராக நிறுத்திவிட்டு எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, சுருக்கம் விழாமல்.

கீரைக்கூடத்தில் அவர் நடுவே உட்கார, ஊர் முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே நின்றது. பன்னிரண்டு கொசுக்களும் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கீரைத்தண்டில் போய் உட்கார்ந்தன. அரைமணி ஆனது. ஒரு மணி ஆனது. ஏழு கொசு மூப்பில் உதிர்ந்தது.

“வே சவரி,” என்றார் திரவியம் அசையாமல், “ஒரு கொசுகூட என்னைச் சீந்த மாட்டேங்கு.”

“நிர்வாகின்னு தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. மனு குடுக்கணுமோன்னு யோசிக்குது.”

எட்டு வருடத்தில் முதல் முறையாகத் திரவியம் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. தோள் கொஞ்சம் குலுங்கியது. முகத்தில் வேர்வை துளிர்த்தது. ஒரு கொசு கிளம்பியது, தவறிக் கூரையில் மோதியது, திரும்பி வந்து அவர் காதில் இறங்கியது. அவர் கை அனிச்சையாக மேலே போனது.

“அடிக்காதீய!” ஊரே ஒரே குரலில் அலறியது. கண்ணாடி அதிர்ந்தது. கை காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. திரவியம் கண்ணை மூடிக்கொண்டார். கொசு வேலையை முடித்துவிட்டு அவர் தோளில் உதிர்ந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் உள்ளே போகவில்லை.

ஆறாம் நாள் கப்பல் போனது. சவரியின் இருக்கை காலியாகப் போனது. நிறுத்தத்தில் நின்று கையசைத்துவிட்டு, “என் இருக்கைக்குச் சாப்பாடு குடுக்க மறந்துராதீங்க,” என்று விமானியிடம் சொன்னான். பிறகு மருந்தறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரும் பார்க்காமல், காலில் கட்டியிருந்த எடைகளை அவிழ்த்து அலமாரியில் வைத்தான்.

பூமியின் சுகாதாரக் குழு ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து ஒப்புதல் தர ஒன்பது நாள் ஆனது. ஆணை வந்த அன்று திரவியமே ஒலிபெருக்கியில் முப்பத்தேழு பெயரையும் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஊரில் எங்கேயோ ஒரு கத்தல் கேட்டது. ‘எமல்டா சவரிராயன்’ என்று வந்தபோது கத்த வேண்டிய ஆள் கத்தவில்லை; திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தான்.

முருங்கைக் கிளை ஆடியது. எமல்டாவுக்கும் செய்தி தெரிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

“நீங்க உங்க கடியெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டியளாமே. டாக்டரம்மா சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

சவரியிடம் மூன்று ஜோக் தயாராக இருந்தது. மூன்றும் நல்ல ஜோக். எதையும் எடுக்கவில்லை.

“எமல்டா, நான் இனிமே அங்க வர முடியாது. வயசு தாண்டிரும். அதுக்காக நீ வரணும்னு இல்ல. ஆனா எனக்கு ஒரு பதில் வேணும். பாப்போம்னு சொல்லாத. வருவியா, மாட்டியா?”

மூன்று விநாடி. அவன் அதை நிரப்பவில்லை. ஐந்து. பத்து. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“எட்டு வருஷமா அந்தச் சட்டந்தான் எனக்குப் பதிலா உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு,” என்றாள். “எனக்கும் அது வசதியா இருந்துச்சுங்க. இங்க எனக்கு மழை இருக்கு. வகுப்பு இருக்கு. நெனச்ச நேரம் கதவத் திறந்துக்கிட்டு நடக்கலாம். அங்க வந்து மறுபடி பூட்டிட்டாங்கன்னா மூச்சு முட்டிச் செத்துருவேன்னு பயம். உங்க மேல இருந்த பிரியத்த விட அந்தப் பயம் பெருசா இருந்துச்சு. அத உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீங்க ஒரு ஜோக் சொல்லுவிய, நானும் சிரிச்சிட்டுப் போயிருவேன்.”

அவன் தலையை ஆட்டினான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப கதவு ரெண்டு பக்கமும் திறக்கும், அங்க வந்தாலும் இங்க திரும்பிரலாம்னு தெரியும். அதனால வர முடியும். வாரேன். ஆறு மாசம். அதுக்கு மேல என்ன செய்வேன்னு கேக்காதிய, எனக்கே தெரியாது. ஆனா வாரேன்.”